மனவடுவும் மூச்சும்

கொச்சி நகரின் வடபால் இடப்பள்ளி என்றோர் ஊர் உண்டு. மட்டாஞ்சேரித் துறையிலிருந்து காயலைக் கடந்து எறணாகுளம் வந்து, ஆலுவாய்ச் சாலையில் வடக்கே சென்றால், இரண்டு பெருஞ்சாலைகள் கூடுமிடத்தில் இவ்வூரை அடையலாம். மலையாள இலக்கியத்தில் சிறிது பழக்கம் உடையவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. இடப்பள்ளி இராகவன் பிள்ளை, சங்ஙம்புழை கிருஷ்ண பிள்ளை என்னும் இரு கவிஞர்கள் இவ்வூரில் தோழர்களாக வாழ்ந்தனர். 1936ஆம் ஆண்டில் இராகவன் பிள்ளை இளவயதிலேயே தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அந்த அதிர்ச்சியில் துடித்த நண்பர் 'ரமணன்' என்னும் காவியத்தைப் பாடினார். கேரளத்தில் அதனை அறியாதார் அரியர்.

துயரத்தைச் சொல்லாக்கி ஆற்றிக்கொள்வது தொன்றுதொட்டு வந்த வழி. நம் சங்கப் புலவர்களும் கையறுநிலை பாடினார்கள். ஆனால் நாவெழாதவர் என்ன செய்வர்? நடந்ததை நினைத்த மாத்திரத்தில் தொண்டை அடைத்து, நெஞ்சு படபடத்து, கால் துவண்டுபோகும் ஒருவரிடம் "மனம் விட்டுப் பேசு" என்றால் அவர் எதைப் பேசுவார்? இக்கேள்விக்கு இன்று மருத்துவ உலகில் தரப்படும் விடைகளுள் ஒன்று, முதலில் உடலைக் கவனி, மூச்சின் வழியே மனத்தை அணுகு என்பதாகும். அவ்விடையில் உண்மை எவ்வளவு, அளவு கடந்த பேச்சு எவ்வளவு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இடப்பள்ளியை முதலிலேயே குறித்ததற்குக் காரணம் உண்டு. இப்பொருளின் ஒரு பகுதியை இரத்தச் சோதனையால் அளந்து பார்த்த மருத்துவமனை அவ்வூரிலேதான் இருக்கிறது. அங்கே பின்னர் வருவோம்.

விபத்து, போர், வெள்ளம், வன்முறை முதலியவற்றுள் அகப்பட்டு உயிர் தப்பியவர்களின் உள்ளத்தில் எஞ்சி நிற்கும் புண்ணை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் 'மனவடு' என்று வழங்குகின்றனர். பொருத்தமான சொல். புண் ஆறிய பின்னும் நிற்பதே வடு. ஆனால் இவ்வடு தோலில் உள்ள வடுவைப் போலச் சும்மா கிடப்பதன்று. எதிர்பாராத வேளையில் வாய் திறக்கும். நடந்து முடிந்த நிகழ்ச்சி மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றும். அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனிதர் ஒதுக்கத் தொடங்குவர். உறக்கம் கெடும். கதவு அறையும் ஓசைக்கும் உடல் தூக்கிப் போடும். அதிர்ச்சிக்குள்ளானவர்களிற் பெரும்பாலோர் நாளடைவில் தாமே தேறிவிடுகின்றனர். ஒரு மாதத்துக்கு மேலும் இக்குறிகள் நீங்காமல் வாழ்க்கையைக் குலைக்குமாயின் அதனை நோயென்று கொள்வர். அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் இந்நோய்க்குத் தனிப்பெயர் சூட்டித் தன் பட்டியலில் சேர்த்தது 1980ஆம் ஆண்டில்தான்.

பெயர் புதிதேயன்றி நோய் புதிதன்று. முதல் உலகப் போரில் காயம் எதுவுமின்றியே கை நடுங்கியும் பேச்சிழந்தும் திரும்பிய போர்வீரர்களைக் கண்டு மேனாட்டு மருத்துவர்கள் திகைத்தனர். குண்டு வெடிப்பின் அதிர்வால் மூளை கலங்கியது என்றனர் சிலர். கோழைத்தனம் என்றனர் வேறு சிலர். அவ்வீரர்களை ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பரிவோடு நடத்திய மருத்துவருள் ஒருவர் ரிவர்ஸ் என்பார். இவர் நமக்கு அயலார் அல்லர். 1901, 1902 ஆண்டுகளில் நீலகிரியில் தங்கித் தோடர் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906இல் பெருநூலொன்று வெளியிட்டவர் இவரே. அஞ்சியதை அமுக்கி மறக்க முயல்வதுதான் நோயை வளர்க்கிறது என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் வீரர்களைப் பேச வைத்தார். பேச்சால் ஆற்றும் அம்முறை இன்றும் நல்ல முறையே. ஆனால் உடல் நடுங்கிக்கொண்டிருக்கும்போது பேச்சு எங்ஙனம் எழும் என்ற வினா அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

தமிழ் மாணவர்க்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரவேண்டும். அச்சம், அழுகை, வெகுளி முதலாய எட்டையும் விரிக்கும் இயலுக்குத் தொல்காப்பியர் இட்ட பெயர் மெய்ப்பாட்டியல் என்பது. மெய் என்றால் உடல். உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் படுவதால் அது மெய்ப்பாடு. நம் பேச்சு வழக்கும் இதற்குச் சான்று பகரும். 'குலை நடுங்கிற்று', 'வயிற்றைக் கலக்கிற்று', 'நெஞ்சு அடைத்தது', 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்றெல்லாம் சொல்கிறோமே, இவற்றில் மனம் என்ற சொல்லே வரவில்லை பாருங்கள். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கடல் அப்பட்டியலில் இல்லை. நெய்தல் நில மக்களுக்குக் கடல் தாய். அத்தாயே வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனால் அது எத்தகைய அதிர்ச்சியாயிருக்கும் என்பதைப் பின்னர்ச் சொல்லப்போகும் செய்தியோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலில் நடப்பது என்ன?

இடையூறு கண்டவுடன் மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பளவான ஒரு பகுதி எச்சரிக்கை மணி அடிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, மூச்சு மேலெழுந்து நெஞ்சளவில் நிற்கிறது, இரைப்பை வேலை நிறுத்துகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. சண்டையிடு அல்லது ஓடு என்பதே கட்டளை. இதனை விளக்கி அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915இல் நூலெழுதினார். இரண்டும் இயலாதபோது மூன்றாவது ஒன்று உண்டு: உறைந்துபோதல். பாம்பின் முன் தவளை நிற்பதுபோல் மனிதனும் மரத்து நிற்பான். பின்னர் "நான் ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை?" என்று தன்னையே நொந்துகொள்வான். அவன்மேல் குற்றமில்லை. கட்டளை பிறந்தது அறிவிலன்று. அவன் விருப்பத்தைக் கேளாத நரம்புகளில்.

இடையூறு நீங்கியபின் இந்த எழுச்சி அடங்கவேண்டும். மனவடுவில் நேர்வது யாதெனில், மணி ஓய்வதில்லை. மேலும், நினைவுக்கு நாளும் இடமும் குறித்து அடுக்கிவைக்கும் வேறொரு மூளைப் பகுதி, பெரும் அச்சத்தில் தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. எனவே அந்நினைவு 'அன்று நடந்தது' என்ற முத்திரையில்லாமல் கிடக்கிறது. சேற்று நாற்றமோ, அலையோசையோ, ஒரு கூக்குரலோ அதனைத் தொட்டால், உடல் அதனை 'இன்று நடக்கிறது' என்றே எடுத்துக்கொள்கிறது. "எல்லாம் முடிந்துவிட்டதே, ஏன் பயப்படுகிறாய்?" என்று உறவினர் கேட்பது இதனால்தான் பயன்படுவதில்லை. முடிந்துவிட்டது என்பது அவருடைய அறிவுக்குத் தெரியும். உடலுக்குத் தெரியாது.

உடலுக்குத் தெரிவிப்பது எப்படி? இங்கேதான் மூச்சு வருகிறது. இதயத்தை மெல்ல அடி என்று நாம் ஆணையிட முடியாது. குடலை அமைதியாயிரு என்று சொல்ல முடியாது. அட்ரினலினை நிறுத்தும் திருகு நம் கையில் இல்லை. ஆனால் மூச்சு ஒரு விந்தையான பொருள். நாம் உறங்கும்போது தானே நடக்கும். நாம் விரும்பினால் நம் சொல்லையும் கேட்கும். தானியங்கும் உறுப்புகளின் கோட்டைக்குள் நமக்குத் திறந்துவிடப்பட்ட வாயில் இஃதொன்றே எனலாம்.

ஐயமிருந்தால் இப்போதே சோதித்துப் பாருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சை உள்ளிழுங்கள். பிறகு மிக மெல்ல வெளியே விடுங்கள். உள்ளே போகும்போது நாடி சற்று விரைவதையும், வெளியே வரும்போது தளர்வதையும் இளைஞர்களாயின் எளிதில் உணர்வீர்கள். மூளையின் அடியிலிருந்து இறங்கி, தொண்டை, நுரையீரல், இதயம், இரைப்பை என எங்கும் கிளைத்துச் செல்லும் பத்தாவது நரம்புதான் இதற்குக் காரணம். இலத்தீன் மொழியில் அதற்கு 'அலைந்து திரிவது' என்று பொருள்படும் பெயர். நாம் வேகஸ் நரம்பு என்கிறோம். இந்நரம்பு ஒருவகை வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தைத் தளர்த்துகிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி இரு தவளை இதயங்களைக் கொண்டு நிறுவி, பின்னர் நோபல் பரிசும் பெற்றார். மூச்சை விடும்போது இந்நரம்பின் கை ஓங்குகிறது. ஆகவே விடும் மூச்சை நீட்டினால் இதயத்தின் கடிவாளம் சற்றே நம் கைக்கு வருகிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு முறை மூச்சு விடுகின்ற நாம் அதனை ஆறளவுக்குக் குறைத்தால், இதயத்தின் இந்த ஏற்றத்தாழ்வு மிக நன்றாக அமைகிறது என்பதும் அளந்தறிந்த உண்மை.

ஆறு என்ற எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் அவர் கூட்டத்தாரும் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கத்தோலிக்கர் இலத்தீனில் செபமாலை சொல்லும்போதும், 'ஓம் மணி பத்மே ஹும்' என்னும் மந்திரத்தை உருவேற்றும்போதும் மூச்சு ஏறத்தாழ நிமிடத்துக்கு ஆறாகவே அமைகிறது என்று கண்டனர். இடப்பள்ளியில் புகழ்பெற்ற புனித ஜார்ஜியார் கோவிலில் செபமாலை உருட்டும் பாட்டியும், திபெத்தில் மணிச்சக்கரம் சுழற்றும் துறவியும் மூச்சின் கணக்கில் அண்டை வீட்டார் போலும்! நம் திருமூலர் கணக்கும் இங்கே கருதத்தக்கது. உள்ளிழுப்பதற்குப் பதினாறு, நிறுத்துவதற்கு அறுபத்து நான்கு, விடுவதற்கு முப்பத்திரண்டு மாத்திரை என்று திருமந்திரம் வகுக்கிறது. விடுதல் இழுத்தலின் இருமடங்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள அறுபத்து நான்கைப்பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதனைக் கீழே சொல்வேன்.

இடப்பள்ளியில் அளந்ததும் நாகையில் கண்டதும்

இடப்பள்ளியை அடுத்த பொன்னேக்கரையில் 1998இல் தொடங்கப்பெற்றது அமிர்தா மருத்துவ நிறுவனம். அங்குள்ள மருத்துவர்கள் நலமுள்ள 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு ஆசனமும் மூச்சும் தியானமும் கலந்த ஒரு முறையைப் பயின்றது. இரண்டாவது குழு தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்தது. சிகாகோ அறிஞர் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறை அது. மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. எட்டு மாதம்வரை அவ்வப்போது இரத்தம் எடுத்து, அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் இரு சுரப்புநீர்களின் அளவைப் பார்த்தனர். தியானம் பயின்றவர்களிடம் அட்ரினலின் அளவு, ஒன்றும் செய்யாதவர்களினும் குறைந்தது. 2011இல் வெளிவந்த ஆய்வு இது. மனம் அமைந்தது என்று வாயால் சொல்வது வேறு, குருதி சொல்வது வேறு அல்லவா? அவ்வகையில் இது மதிக்கத்தக்கது. எனினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. பங்கு கொண்டவர்கள் நலமுள்ளவர்கள்; மனவடுப் பட்டவர்கள் அல்லர். அன்றியும், அப்பயிற்சி அம்மருத்துவமனையை நடத்தும் மடத்தில் உருவானது. தம் வீட்டு மாங்காயைத் தாமே சுவைத்துச் சொன்ன தீர்ப்பு என்று ஒருவர் கூறினால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

அம்மடத்தின் ஆசிரமம் இருக்குமிடம் கொல்லம் கடற்கரையிலுள்ள ஆலப்பாடு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று எழுந்த ஆழிப் பேரலை ஆலப்பாட்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000 பேர் அளவுக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தவர். கடலோரத் தமிழர்க்கு அந்நாள் இன்னும் முடியவில்லை என்றே சொல்லவேண்டும். நாம் தேடும் விடையை நலமுள்ளவர் குருதியில் தேடுவதைவிட அங்கே தேடுவதே முறை.

பேரலைக்கு எட்டு மாதங்களுக்குப் பின், நாகை மாவட்ட முகாம்களில் ஒரு சோதனை நடந்தது. பதினேழு வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோல் உண்டு. மிகக் குறைந்த மதிப்பெண் 17, மிகுந்தது 85. அதில் 50க்குக் குறையாமல் பெற்ற, அதாவது கடுமையாகப் பாதிக்கப்பட்ட, 183 பேரைத் தேர்ந்தனர். ஒரு சாராருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் கற்பித்தனர். மற்றொரு சாராருக்கு மூச்சுப் பயிற்சிக்குப்பின், நடந்ததை நினைவிற் கொணர்ந்து சொல்லச் செய்யும் முறையையும் சேர்த்தனர். மூன்றாம் சாரார் ஆறு வாரம் காத்திருந்தனர். ஆறு வார முடிவில், மூச்சுப் பயின்ற இரு சாராருக்கும் மதிப்பெண் சராசரியாக 40 அளவு குறைந்திருந்தது. காத்திருந்தவர்களுக்கோ ஐந்துகூடக் குறையவில்லை. நினைவைச் சொல்லச் செய்ததால் மேற்கொண்டு தனிப்பயன் விளைந்ததாகவும் தெரியவில்லை. 2010இல் இம்முடிவுகள் வெளிவந்தன.

இதனைப் படித்தவுடன் மகிழ்ச்சியில் துள்ளலாம். நான் துள்ளவில்லை. 40 என்பது மிகப் பெரிய வீழ்ச்சி. எந்த மருந்துக்கும் எளிதில் கிட்டாதது. யார் எந்தக் குழு என்பதை ஆள் ஆளாகச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. முகாம் முகாமாகப் பிரித்தனர். ஒரு முகாமில் நல்ல தலைவர் இருந்தாலே அங்குள்ளார் விரைந்து தேறக்கூடும். தவிர, பல மாதமாகக் கேட்பாரற்றுக் கிடந்த இடத்தில் நான்கு பேர் வந்து அன்போடு அமர்ந்து கற்பித்தார்களென்றால், அவர்கள் மனம் குளிரும்படி விடை சொல்வது நம் மக்களின் பண்பு. ஆகவே பயன் உண்டு என்பதை ஏற்கிறேன். அவ்வளவு பெரிய பயன் என்பதை ஏற்கத் தயங்குகிறேன். பெங்களூர் விவேகானந்த யோக ஆராய்ச்சி நிறுவனத்தார் அதே பேரலைக்குப்பின் அந்தமானில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி அளித்தபோதும், அச்சம், கவலை, துயரம், உறக்கக் கேடு ஆகியவை குறைந்ததுடன், நாடியும் மூச்சும் தளர்ந்தன. அங்கே பயிற்சி பெறாதவர் குழு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அக்குறையை நீக்கிய சிறு ஆய்வு, 2008இல் பீகாரில் கோசி ஆறு பெருக்கெடுத்தபின் செய்யப்பட்டது. 22 பேரே ஆயினும் குலுக்கிப் பிரித்தனர். ஒரு வாரத்தில் பயின்றவர்களின் துயரம் குறைந்தது. பயிலாதவர்களின் கவலை கூடியிருந்தது. முடிவு சிறியதுதான். ஆனால் நம்பத்தக்கது, எனக்கு இச்சிறு முடிவிலேயே மதிப்பு மிகுதி.

மேனாட்டிலும் ஒரு சான்று. பல சிகிச்சைகளுக்கும் அடங்காத மனவடுவுடைய 64 பெண்களை வைத்து வான் டெர் கோல்க் என்னும் மருத்துவர் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. வாரம் ஒருமணியாகப் பத்து வாரம் யோகம் பயின்று முடித்த 31 பேருள் 16 பேருக்கு நோய்க்குறிகள் நோயெனக் கொள்ளும் அளவுக்குக் கீழிறங்கின. வெறும் நலக்கல்வி பெற்ற 29 பேரில் அவ்வாறு தேறியவர் 6 பேர். அவ்வகுப்புகளில் ஆசனத்தின் அழகைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. காலை நீட்டும்போது எங்கே இழுக்கிறது, பாதம் தரையில் எங்கே படுகிறது என்று கவனிப்பதே பாடம்.

இது ஏன் மருந்தாகிறது? மனவடுப் பட்டவர் தம் உடம்பைவிட்டு ஓடிப்போனவர். நெஞ்சு படபடத்தால் அது அன்றைய நிகழ்ச்சியின் தூதென்று அஞ்சி, உடலின் குரலையே கேளாமல் அடைத்துவைப்பார். சிலருக்கு உடல் மரத்தே போய்விடும். உடலுணர்வுப் பயிற்சி அவரை ஓடிப்போன வீட்டுக்குச் சிறிது சிறிதாக அழைத்து வருகிறது. முதலில் திண்ணை, பிறகு கூடம். படபடப்பு எழும், சிறிது நேரம் நிற்கும், தானே அடங்கும் என்பதை அவர் தம் உடம்பிலேயே கண்டால், அதனிடம் கொண்ட அச்சம் குறையும். பேச்சு அதன்பின் தானே வரும்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலமெல்லாம் பணிபுரிந்த மருத்துவர் தயா சோமசுந்தரம் இதனை நன்கு உணர்ந்தவர். மாத்திரையும் மருத்துவரும் அரிதாயிருந்த அந்நாட்டில், மக்கள் அறிந்தவற்றையே அவர் மருந்தாக்கினார். மூச்சை மெல்ல விடுதல், தசைகளைத் தளர்த்துதல், சொல்லை உருவேற்றுதல் ஆகியவற்றை அவரவர் சமயத்துக்கேற்பக் கற்பித்தார். சைவருக்கு ஓங்காரம், கிறித்தவருக்குச் செபம், இசுலாமியருக்குத் திக்ரு. நோயாளிக்குப் புதுப்பொருளைக் கொடுப்பதைவிட அவர் பாட்டி கற்றுத்தந்ததை நினைவூட்டுவது எளிதன்றோ? இவ்வாறு பார்த்தால் நம் ஊர்களில் வேறு சிலவும் கண்ணில் படுகின்றன. வலையிழுப்போர் பாடும் 'ஏலேலோ'வில் எல்லோரும் ஒன்றாக மூச்சை விடுகின்றனர். ஒப்பாரியில் ஒரு மூச்சு எவ்வளவு நீளுமோ அவ்வளவுக்கு ஓரடி நீள்கிறது. இவை மருத்துவம் என்று நான் சாதிக்க வரவில்லை. துயருற்றவர் ஒருவராயிராமல் பலரோடு சேர்ந்து மூச்சு விட்டனர் என்பதை மட்டும் சொல்கிறேன்.

செய்யும் முறையும் செய்யக்கூடாததும்

"ஆழமாக மூச்சு இழு, பிராணவாயு ஏறும், பயம் போகும்" என்று சொல்வோர் பலர். இது தவறு. நலமுள்ளவர் குருதியில் பிராணவாயு முன்னமே நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்களவு நிரம்பியிருக்கிறது. இன்னும் ஏற்ற இடமில்லை. அஞ்சியவர் விரைந்து விரைந்து ஆழமாக இழுத்தால் நேர்வது வேறு. கரியமில வாயு அளவுக்குமேல் வெளியேறிவிடுகிறது. விரல் நுனியும் உதடும் மரமரக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். அவரோ மாரடைப்பு வந்துவிட்டது என்று இன்னும் விரைந்து இழுப்பார். ஆகவே இழுப்பதில் கருத்து வேண்டா, விடுவதில் வேண்டும்.

எளிய முறை இது. முதுகுக்குச் சாய்மானம் உள்ள இடத்தில் அமர்க. கண் திறந்தே இருக்கட்டும். இரு பாதங்களும் தரையில் படிந்திருப்பதை உணர்க. தரையின் குளிர்ச்சியையோ வெம்மையையோ கவனிக்க. சுற்றிலும் பார்த்து, கண்ணில் பட்ட நான்கைந்து பொருள்களின் பெயரை மனத்துக்குள் சொல்க. இவ்வளவும் 'இது இன்று, இது இவ்விடம்' என்று உடலுக்குத் தெரிவிப்பதற்காக. பின்னர் மூக்கால் மூன்று எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விடுக. பழகியபின் நான்கும் ஆறுமாக நீட்டலாம். அதுவே நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். நாள்தோறும் செய்தல் வேண்டும், அமைதியாக இருக்கும்போதே. வெள்ளம் வந்தபின் நீந்தக் கற்க இயலாது.

மூச்சை அடக்குதலும், துருத்தி ஊதுவதுபோல் விரைந்து விடுதலும் மனவடுவுடையோர் தாமாகத் தொடங்கத்தக்கன அல்ல. திருமூலரின் அறுபத்து நான்கைப்பற்றி எச்சரித்தது இதனாலேயே. அது குருவின் அருகிருந்து நெடுநாள் பயில்வோர்க்கு உரிய கணக்கு. நீருக்குள் மூச்சுத் திணறிப் பிழைத்த ஒருவரிடம் மூச்சை நிறுத்து என்று சொல்வது, அவரை மீண்டும் அந்நீருக்குள் அமிழ்த்துவதற்கு ஒப்பாகும். அதுபோலவே, வன்முறைக்கு உள்ளானவரை இருட்டறையில் கண்மூடிப் படுக்க வைத்து, உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் நினை என்பதும் கொடுமை. மூச்சைக் கவனிப்பதே அச்சத்தைக் கிளறுமாயின் அதை விட்டுவிட்டுப் பாதத்தையோ உள்ளங்கையையோ கவனிக்கலாம், எழுந்து நடக்கலாம். மூட்டைப் பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவன் கதையாகச் சிகிச்சையே புண்ணாகிவிடலாகாது. அழகிய மேடையில் ஆயிரம் பேரை அமர்த்தி, ஒரே நாளில் எல்லாத் துயரையும் மூச்சாலே ஊதித் தள்ளுகிறேன் என்பாரிடம் இவ்வேறுபாடுகளைக் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூச்சு வீடு கட்டித் தராது. படகு வாங்கித் தராது. நாகையில் பேரலைக்குப்பின் மக்களைத் தேற்றியவற்றுள் வலையும் கூரையும் பள்ளிக்கூடமும் முதலிடம் பெறும். அவற்றைத் தராமல் பயிற்சி மட்டும் தருவது பசித்தவனுக்குப் பந்திப்பாய் விரிப்பது போன்றது. அதுவன்றி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலும், பல நாள் உறக்கமே இல்லாமற் போனாலும், குடியால் அச்சத்தை அமுக்கும் பழக்கம் ஏற்பட்டாலும், மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். நினைவை முறையாக அணுகிப் பேசும் சிகிச்சைகளும் மருந்துகளும் இன்று உள்ளன. மூச்சு அவற்றுக்குத் துணை. நம் விடுதிகளில் இரவு விளக்கணைக்க அஞ்சும் நண்பர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் என்ன நடந்தது என்று துருவ வேண்டா. அருகில் அமர்ந்து, உங்கள் மூச்சை மெல்ல விட்டுக்கொண்டிருந்தாலே சிறிது நேரத்தில் அவர் மூச்சும் தளர்வதைக் காண்பீர்கள். பிறகு, அவர் இசைந்தால், இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிப் பணிக்கு அவரோடு சேர்ந்து பேசுங்கள். எண் 14416. இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.